திருகோணமலையில் புதுத் தொழில்களுக்கான அறிவுப் பகிர்வு வட்டம்: முதல் கேள்வியிலிருந்து இன்கியூபேட்டர் வரை முழுமையான வழிகாட்டி

நிலாவெளியில் தங்குமிடம் நடத்துபவர், கிண்ணியாவில் கருவாடு பொதி செய்பவர், மூதூரில் தயிர் போடுபவர், நகரத்தில் மென்பொருள் எழுதும் 3 பேர். தொழில் வேறு வேறு. ஆனால் கூரியரில் உடையும் பொருள், பிந்தி வரும் காசு, கணக்கு எழுதாததால் கிடைக்காமல் போகும் வங்கிக் கடன் என்று இவர்கள் ஒரே பிழைக்குத் திரும்பத் திரும்பக் காசு கட்டுகிறார்கள். ஒருவர் கண்ட வழி அடுத்தவர் காதுக்கு எட்டுவதில்லை.

எட்டவைக்க வேண்டுமென்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வட்ஸ்அப் குழுமம் திறக்கிறார்கள், பிறகு கூட்டம் போடுகிறார்கள், பிறகு பேச்சாளரைத் தேடுகிறார்கள். இரண்டு மாதத்தில் குழுமத்தில் காலை வணக்கமும் விளம்பரமும் மட்டும் மிஞ்சும். சரியான ஒழுங்கு இது: கேள்வி, ஆட்கள், எல்லை, சந்திப்பு, பரிசோதனை, பதிவு. இவை ஓடத் தொடங்கிய பிறகுதான் குழுமம், இன்கியூபேட்டர் (புதுத் தொழில்களுக்கு வழிகாட்டி வளர்த்துவிடும் நிறுவனம்), வர்த்தக சங்கம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைத்ததை வைத்தே நடக்கும். இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்தது கையில் நிற்காது.

தொடங்கும் முன் தேவையானவை

பொறுப்பெடுக்க 2 பேர். ஒருவர் நடத்துவார், மற்றவர் எழுதுவார். இரண்டையும் ஒருவரே செய்தால் கதையைக் கவனிப்பார், எழுத்தை விட்டுவிடுவார்.

முதல் சந்திப்புக்கு முன் 3 கிழமை அவகாசம், 10 பேர் வட்டமாக இருக்கக்கூடிய ஓர் அறை, ஒரு கொப்பி, நேரம் பார்க்க ஒரு கைப்பேசி. புரொஜெக்டர் வேண்டாம். திரை இருந்தால் ஒருவர் விளக்கவுரை நடத்துவார், மற்றவர்கள் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். தேநீர்ச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பகிருங்கள். ஒருவரே கொடுத்துக்கொண்டிருந்தால் நாளடைவில் வட்டம் அவருடையது என்றாகிவிடும்.

1. முதலில் கேள்விகளைத் திரட்டுங்கள்

அழைப்பு அனுப்பும் முன் 10, 12 பேரிடம் நேரில் போய், “இந்த மாதம் உங்களை மறித்து வைத்திருக்கும் ஒரு விடயம் என்ன?” என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் “ஒண்டும் இல்லை, எல்லாம் போகுது” என்பார்கள். கடையில், பட்டறையில் நின்று கேட்டால் கையில் உள்ள பிரச்சினையை எடுத்துக் காட்டுவார்கள்.

கிடைக்கும் பதிலை அப்படியே எடுக்காதீர்கள். கேள்வியைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்தப் படியின் வேலை. ஒரு மாதிரி:

பயன்படாத கேள்வி: “கருவாட்டுப் பொதி பழுதாகுது, என்ன செய்யலாம்?”

பயன்படும் கேள்வி: “காற்று நீக்கிய 200 கிராம் பாரைக் கருவாட்டுப் பொதி. 60 பொதியில் 9 பொதி 10 நாளுக்குள் தளர்ந்துவிட்டது. ஊதவில்லை, மணம் மாறவில்லை. கொழும்புக்கு பஸ்ஸில் போனவற்றில் மட்டும் இப்படி. தடித்த பையை வாங்கிப் பார்த்தும் 4 பொதி தளர்ந்தது. அடுத்த கொள்வனவுக்கு முன் பையை மாற்றுவதா, பொதி செய்யும் முறையை மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.”

இரண்டாவதில் அளவு இருக்கிறது, ஏற்கெனவே செய்து பார்த்தது இருக்கிறது, எடுக்க வேண்டிய முடிவு இருக்கிறது. இந்த மூன்றும் இல்லாத கேள்விக்கு அறிவுரை மட்டுமே வரும். ஏற்கெனவே செய்து பார்த்ததை எழுதாவிட்டால், கேட்பவர்கள் அதையே முதலில் சொல்லி அரை மணித்தியாலத்தை எடுத்துவிடுவார்கள்.

ஒரு தபாலட்டை அளவுக்கு மேல் எழுத விடாதீர்கள். குறைந்தது 5 அட்டைகள் சேராமல் நாள் குறிக்க வேண்டாம்.

2. ஆட்களைத் தெரிவு செய்யுங்கள்

6 முதல் 8 தொழில்கள் போதும். 5க்குக் குறைந்தால் இருவர் வராத நாளில் சந்திப்பு நடக்காது. 10ஐத் தாண்டினால் எல்லோருக்கும் வாய் திறக்க நேரம் கிடைக்காது.

ஒவ்வொரு கேள்விக்கும், அதை அண்மையில் கடந்து வந்த ஒருவராவது வட்டத்தில் இருக்க வேண்டும். 6 மாதம் முதல் 2 வருடம் முன்னால் நிற்பவரே மிகவும் பயன்படுவார். 20 வருட முதலாளிக்குத் தொடக்கத்தில் பட்ட பாடு மறந்துபோயிருக்கும். அவர் சொல்லும் வழிக்கு அவருடைய இன்றைய கடன் வசதியும் ஆட்பலமும் தேவைப்படும்.

நேரடிப் போட்டியாளர்கள் இருவரை முதல் 3 சந்திப்புகளுக்கு ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நம்பிக்கை வளருமுன் இருவருமே வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதேநேரம், எல்லோரும் மென்பொருள்காரர் என்றாலும் பயனில்லை: ஒரே படிப்பு, ஒரே நண்பர் வட்டம், ஒரே பதில். பொதி செய்பவரின் பிரச்சினைக்கு விடை தங்குமிடக்காரரிடமிருந்தும் வரும், அவரும் விருந்தினருக்குப் பொதி கட்டிக் கொடுப்பவர்தானே.

நகரத்து ஆட்களோடு நின்றுவிடாமல் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் பக்கமும் போங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களை அழைக்கும்போது நேரத்தையும் இடத்தையும் அவர்களிடமே முதலில் கேளுங்கள். எல்லாம் முடிவான பிறகு அழைத்தால் “வாறன்” என்று சொல்லிவிட்டு வரமுடியாமல் போய்விடும். சிங்களம் பேசும் தொழில்முனைவோர் சேர்ந்தால் எழுதும் பொறுப்பை இரண்டு மொழியும் தெரிந்தவருக்குக் கொடுங்கள். கதை தமிழில் ஓடினாலும் முடிவுகளை இரு மொழியிலும் வாசித்துக் காட்ட வேண்டும்.

முடிவெடுப்பவரே வர வேண்டும் என்பதில் இறுக்கமாக இருங்கள். அனுப்பி வைக்கப்பட்ட ஆள் நல்லவராக இருக்கலாம், ஆனால் உண்மையான கணக்கைச் சொல்ல அவருக்கு அனுமதி இருக்காது.

3. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

இதை முதல் சந்திப்புக்கு முன் எழுத்தில் முடித்துவிடுங்கள். சந்திப்பில் வைத்துக் கதைக்கத் தொடங்கினால் ஆளை ஆள் சந்தேகப்படுவது போல ஆகிவிடும். அரைப் பக்கம் போதும். அதில் நான்கு விடயங்கள் வர வேண்டும்.

முதலாவது, கேட்டதைப் பாவிக்கலாம், ஆனால் யார் சொன்னது என்பதை வெளியில் சொல்லக்கூடாது. வங்கி மறுத்த கதை, வாடிக்கையாளர் ஏமாற்றிய கதை எல்லாம் இந்த ஒரு விதியை நம்பித்தான் வெளியே வரும்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கப் பட்டியல்களைப் பகிரக்கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒரு காரணம். வாடிக்கையாளர் உங்களை நம்பித் தந்ததை உங்கள் நண்பரை நம்பித் தரவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாவது, செலவைப் பேசலாம். விற்கும் விலையை ஒன்றாகத் தீர்மானிக்கக்கூடாது. “பெட்டி ஒன்றுக்கு எனக்கு இவ்வளவு முடிகிறது” என்பது அறிவு. “எல்லோரும் இனி இந்த விலைக்குக் கீழே கொடுக்கக்கூடாது” என்பது வேறு. ஒரே பொருளை விற்கும் இருவர் பின்னாளில் சேரும்போது இந்த எல்லை மிகவும் உதவும்.

நான்காவது, புதிய கண்டுபிடிப்பு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. பல நாடுகளில் அந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டில் காப்புரிமை எடுக்கும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் பொறிமுறையை வட்டத்தில் விளக்காதீர்கள். அது என்ன பயன் தருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்முறை இரகசியத்துக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் உரிமையாளர் அதை இரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் விலாவாரியாகச் சொன்ன மசாலாக் கலவையைப் பிறகு இரகசியம் என்று கோருவது கடினம்.

தயக்கம் வந்தால் இப்படிப் பிரியுங்கள்: மற்றவர் அறிந்தால் உங்கள் விற்பனை குறையுமா? குறையும் என்றால் சொல்லாதீர்கள். பிரச்சினை மட்டும் குறையும் என்றால் சொல்லுங்கள். கூரியர், பை, வரிப் படிவம், வங்கிக் கடிதம், ஆள் பழக்குவது எல்லாம் இரண்டாவது வகை. புதுத் தொழில்கள் பகிராமல் பூட்டி வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான் என்பது கவலை தரும் விடயம்.

4. நாளும் இடமும்

கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் உப்புவெளி, நிலாவெளி ஆட்கள் வரமாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் மழை. எனவே பெப்ரவரி, மார்ச்சில் தொடங்கி, சுற்றுலாக் காலம் சூடுபிடிக்கும் முன் 3 சந்திப்புகளை முடித்துவிடுவது நல்லது. ஜும்ஆவுக்காக வெள்ளி மதியத்தையும், பூசைக்காக ஞாயிறு காலையையும் விடுங்கள். நோன்பு மாதத்தில் மாலைச் சந்திப்பு வேண்டாம்.

மூதூர்ப் பக்கம் திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முன் முடியும்படி வையுங்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பாரே தவிரக் கதைக்கமாட்டார்.

5. 90 நிமிடச் சந்திப்பு

ஒரு சந்திப்பில் 2 கேள்விகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மீதி 20 நிமிடத்தில் முதல் 10 போன முறை எடுத்த முடிவுகளின் பலனுக்கு. கடைசி 10 அடுத்த முறைக்கான கேள்வித் தெரிவுக்கு. முதல் சந்திப்பில் பலன் எதுவும் இராது, அந்த நேரத்தில் எல்லோரும் தங்கள் தொழிலை 1 நிமிடத்தில் சொல்லட்டும்.

35 நிமிடத்தைப் பிரிக்கும் முறை முக்கியம். முதல் 5 நிமிடம் கேள்விக்காரர் அட்டையை வாசித்து, பொருளைக் கையில் காட்டுவார். அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் விளக்கம் மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக்கூடாது. அடுத்த 15 நிமிடம் “நான் இப்படிச் செய்தேன், இது நடந்தது” என்ற வடிவில் அனுபவம். கடைசி 5 நிமிடத்தில் கேள்விக்காரர் தான் செய்து பார்க்கப்போவதைத் தன் வாயால் சொல்வார்.

நடுவிலுள்ள அந்த 10 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கருவாட்டுப் பொதியையே எடுங்கள், அட்டையில் “பழுதாகுது” என்று மட்டும் எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். யோசனையை உடனே அனுமதித்தால் “நல்ல பை வாங்குங்கோ” என்று முடிந்துவிடும். விளக்கம் கேட்கும் நேரத்தில்தான் “பொதி தளர்ந்ததா, ஊதினதா?” என்று ஒருவர் கேட்பார். இரண்டும் வேறு வேறு நோய்கள். தளர்ந்தால் எங்கோ துளை இருக்கிறது: பாரையின் செட்டை முள் பையைக் குத்தியிருக்கும், அல்லது சூட்டில் ஒட்டும் விளிம்பில் உப்போ எண்ணெயோ பட்டு ஒட்டு விட்டிருக்கும். பொதியை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி அழுத்தினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். குமிழி நடுவில் வந்தால் முள், விளிம்பில் வந்தால் ஒட்டு.

ஊதினால் உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாகிறது, அதாவது கருவாடு போதுமான அளவு காயவில்லை. ஈரம் மிஞ்சிய மீனைக் காற்று நீக்கிப் பூட்டுவது ஆபத்து. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் பற்றீரியாக்கள் உண்டு. அந்தப் பொதியை மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ சோதிக்கக்கூடாது. விற்பனையை நிறுத்தி, உலர்த்தும் முறையைத் திருத்தி, ஆய்வுகூடத்தில் ஈரப்பதனும் நீர்ச் செயற்பாடும் (கிருமி வளரப் பயன்படக்கூடிய நீரின் அளவு) பார்த்த பிறகே திரும்பத் தொடங்க வேண்டும். ஒரே கேள்வியின் இரண்டு பதில்களில் ஒன்று கத்தரிக்கோலோடு முடிகிறது, மற்றது மனித உயிரோடு சம்பந்தப்பட்டது. அவசரப்பட்டு அறிவுரை சொல்லும் வட்டத்தால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

நடத்துபவர் மூன்று வசனங்களைக் கைவசம் வைத்திருக்கட்டும். அறிவுரை தொடங்கினால்: “இதை நீங்கள் செய்து பார்த்ததா?” கதை நீண்டால்: “எண்ணிக்கை ஒன்று சொல்லுங்கோ.” பேசாதவர் இருந்தால் பெயர் சொல்லி: “அக்கா, உங்கட பக்கம் இது எப்படிப் போகுது?” பொதுவாக “வேறு யாரும்?” என்று கேட்டால் ஏற்கெனவே பேசியவரே மறுபடி பேசுவார்.

மூன்றாவது சந்திப்பு ஒருவரின் பட்டறையிலோ சமையலறையிலோ நடக்கட்டும். கைப்பழக்கம் சொல்லில் வராது. பொதி விளிம்பை ஒட்டுமுன் துணியால் துடைக்கும் அந்த ஒரு கையசைவை, செய்பவரே ஒரு படியாக நினைத்திருக்கமாட்டார்; அதனால் எத்தனை முறை விளக்கினாலும் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்பவர் பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

6. 14 நாள் பரிசோதனை

சந்திப்பில் சொன்ன ஒரு மாற்றத்தை மட்டும் 14 நாளுக்குள் செய்து பார்க்க வேண்டும். பையையும் மாற்றி, முள்ளையும் வெட்டி, கூரியரையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முள் வெட்டிய 20 பொதி, வெட்டாத 20 பொதி, ஒரே பை, ஒரே பஸ்: இது போதும்.

பலனைத் திருப்பிக் கொண்டுவருவது கட்டாயம். யோசனை சொன்னவருக்குத் தன் சொல் என்ன ஆனது என்று தெரியாவிட்டால், மூன்றாவது முறை வாய் திறக்கமாட்டார். வட்டங்கள் மெல்ல மெல்ல வற்றிப்போவது பெரும்பாலும் இங்கேதான். பலன் தோல்வியாக இருந்தாலும் சொல்லச் சொல்லுங்கள். செய்யக்கூடாததை 7 பேர் அறிந்துகொள்கிறார்கள்.

7. ஒரு பக்கப் பதிவு

ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பக்கம். நான்கு கேள்விகள்: என்ன எதிர்பார்த்தோம்? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை என்ன செய்வோம்? மேலே திகதி, அளவுகள். கீழே “இதை மறுபடி சரிபார்க்க வேண்டிய மாதம்” என்று ஒரு வரி. கட்டணமும் படிவமும் விரைவில் மாறும் நாட்டில், திகதி இல்லாத குறிப்பு ஆளைத் தவறான கந்தோருக்கு அனுப்பிவிடும்.

இப்படி 5, 6 பக்கங்கள் சேர்ந்த பிறகு வட்ஸ்அப் குழுமம் திறவுங்கள். பதிவுப் பக்கத்தின் படமும் அவசரக் கேள்வியும் மட்டும் அதில் வரலாம். விளம்பரத்துக்கு இடமில்லை என்பதைக் குழும விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

8. இன்கியூபேட்டரை அணுகுவது

மூன்று சந்திப்பு முடிந்து, வட்டத்தால் விடை காண முடியாத கேள்விகள் தனியாகத் தெரியும்போது போங்கள். முன்னரே போனால் உங்களுக்கு என்ன தேவை என்று அவர்கள் தீர்மானிப்பார்கள்.

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றன. மூலிகைப் பொருள், செயலி, சந்தை ஆய்வு பற்றிய கேள்விகளை அங்கே கொண்டுபோகலாம். மாணவரின் செயற்றிட்டமாக உங்கள் கேள்வி எடுக்கப்பட வாய்ப்புண்டு, ஆனால் அவர்களுடைய தவணைக்குத்தான் வேலை முடியும். அவசரக் கேள்வியைக் கொடுக்காதீர்கள். கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடம் உற்பத்தி, இயந்திரம், பயிற்சி பற்றிக் கேட்கலாம். மென்பொருள் தொழில்களுக்கு யாழ்ப்பாணத்தின் யாழ் ஐரி ஹப், கொழும்பின் ஹட்ச் போன்றவை உள்ளன. கொழும்புக்குப் பஸ்ஸில் போய்வர ஓர் இரவும் ஒரு பகலும் போய்விடும். முதல் உரையாடலைக் காணொளியில் முடித்து, ஆளை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் பயணம் போங்கள்.

வழிகாட்டியைச் சந்திக்க 2 நாள் முன் ஒரு பக்கம் அனுப்புங்கள்: தொழில் என்ன, கடந்த 3 மாத விற்பனை, ஒரு கேள்வி, செய்து பார்த்தவை. இது 1 ஆம் படியின் அட்டைதான், கணக்குச் சேர்த்தது. சந்திப்பு முடிந்து 14 நாளில் பலனை 5 வரியில் எழுதி அனுப்புங்கள். நேரம் கொடுப்பவர் மீண்டும் நேரம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மாதம் எத்தனை மணித்தியாலம் வழிகாட்டல்? யார் தருவார்? பங்கு கேட்கிறார்களா? அங்கிருக்கும்போது உருவாக்கியது யாருக்குச் சொந்தம்? இடையில் விலகலாமா? முன்பு அங்கிருந்து வெளியேறிய 2 தொழில்களோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கமே பல விடயங்களைச் சொல்லிவிடும்.

பங்கு பற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7% கொடுத்தால் உங்களிடம் 93%. பிறகு புதுப் பங்கு வெளியிட்டு ஒரு முதலீட்டாளருக்கு 20% கொடுத்தால் உங்களுடையது 93இன் 80%, அதாவது 74.4%. பிரதேச செயலகத்தில் பதிந்த தனியாள் வியாபாரத்தில் பங்கு பிரிக்க வழியில்லை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டறிக்கை, கணக்காய்வு என்று வருடாந்தச் செலவு வரும். அறிவுக்காக மட்டும் போகிறீர்கள் என்றால், பங்கு கேட்காத இடமே உங்களுக்குப் போதும்.

9. வர்த்தக சங்கமும் வெளி வலையமைப்பும்

வர்த்தக சங்கத்தில் கிடைப்பது அறிமுகம். துறைமுகத்தில் பொருள் அனுப்புபவர், வங்கி முகாமையாளர், ஹோட்டல் கொள்வனவாளர் அங்கே வருவார்கள். அங்கே போய் “எனக்கு உதவுங்கள்” என்றால் அட்டை பரிமாறிக்கொண்டு பிரிவீர்கள். “ஹோட்டலுக்கு மாதம் 40 கிலோ கருவாடு வாங்கும் ஒருவரோடு 10 நிமிடம் பேச வேண்டும்” என்றால் ஆளைக் கூட்டிவந்து விடுவார்கள்.

ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்யுமுன் இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். கேட்காமல் இலக்கத்தைக் கொடுத்தால், கிடைத்தவர் ஒரு நாளைக்கு 4 முறை அழைப்பார். உங்கள் பெயரைப் பார்த்தாலே மற்றவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

10. அடிக்கடி நடக்கும் பிழைகள்

பேச்சாளரை அழைப்பது. கேட்டு, படம் எடுத்து, கலைந்துவிடுவார்கள். கட்டாயம் அழைக்க வேண்டியிருந்தால் அவரை வட்டத்தில் இருத்தி, 5 நிமிடம் கேள்வி அட்டையை வாசித்துக் காட்டி, அதற்கு மட்டும் பதில் கேளுங்கள்.

உதவி நிறுவனத்தின் நிதி முதல் மாதமே வருவது. வருகைப் பதிவும் பயணப்படியும் சேர்ந்தால் பயணப்படிக்காக வருபவர் யார், கேள்வியோடு வருபவர் யார் என்று பிரிக்க முடியாது. வட்டம் 6 மாதம் சொந்தக் காலில் நின்ற பிறகு, ஆய்வுகூடச் சோதனை போன்ற குறிப்பிட்ட செலவுக்கு மட்டும் நிதியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எப்போதும் ஒருவரே கொடுப்பது. கொப்பியில் யார் கேட்டார், யார் பதில் தந்தார் என்று பெயர் குறித்து வைத்தால் மூன்று சந்திப்பில் தெரிந்துவிடும். கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பவரின் கேள்வியை அடுத்த சந்திப்பின் முதல் கேள்வியாக வையுங்கள். இல்லையென்றால் அவர் சொல்லாமலே நின்றுவிடுவார்.

வளர்ச்சியைக் கண்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவது. 10 ஆவது தொழில் சேர விரும்பினால், பழையவர்கள் இருவர் பிரிந்து கிண்ணியாவிலோ மூதூரிலோ புது வட்டம் தொடங்கட்டும். பதிவுக் கொப்பியின் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்து, ஒரே கேள்விக்கு வேறு பலன் வந்த பக்கங்களை மட்டும் எடுத்துக் கதையுங்கள்.